பெரிய ஜீப்புக்கு ரெட்டைப் புகைக் குழாய் போடுற ஆக்கள் முதல்ல அக்சிலைப் பாருங்கோ

பரந்தன் சந்தியில இருந்து மாங்குளம் வரைக்கும் ஏ9ல ரெட்டைக் குழாயோட ஒரு பெரிய ஜீப் போனா ஆரும் ஒருக்காத் திரும்பிப் பாப்பினம், அந்த ஆசையிலதான் நானும் என்ர பழைய மிற்சுபிசி மொண்டெரோ ஜீப்புக்குப் போட்டனான். 3.5 வி6 பெற்றோல் எஞ்சின், பின்னுக்கு ரெண்டு சில்லையும் ஒண்டாப் பிடிக்கிற முழு அக்சில். முதலே சொல்லிப்போடுறன், புகையில இருக்கிற நச்சைக் குறைக்கிற கற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்குப் பின்னால மட்டும் மாத்தினா பவர் பெரிசாக் கூடாது, சத்தமும் வடிவும்தான் மாறும். டர்போ டீசல் வைச்சிருக்கிற ஆக்கள் இந்தக் காசை நல்ல ரயருக்குப் போடுங்கோ.

கொன்வேர்ட்டரையும் ஒட்சிசன் சென்சரையும் தொடவே வேண்டாம். எமிஷன் டெஸ்ட் பாஸாகாட்டி வருஷ லைசென்ஸ் எடுக்கேலாது, அதோட அந்தப் புகையைச் சுவாசிக்கிறது எங்கட பிள்ளையள்தான்.

சாமான் எண்டு பாத்தா, புகை உள்ளுக்க போக ஒரு வழியும் வெளிய வர ரெண்டு வழியும் இருக்கிற சைலன்சர் ஒண்டு, வளைச்ச பைப்புகள், கிளாம்ப், பைப்பைத் தொங்கவிடுற ரப்பர் ஹேங்கர். மெயின் பைப் 2.5 இஞ்சி எண்டா பின்னுக்குப் பிரியிற ரெண்டும் 2 இஞ்சி தாராளமாக் காணும், ரெண்டும் சேர்ந்தா புகை போற உள்வாய்ப் பரப்பு ஒற்றைப் பைப்பை விடக் கூடத்தான் வருது. ஏலுமெண்டா ஸ்ரெயின்லெஸ் வாங்குங்கோ, மாரியில வயல் ஒழுங்கையில சேறும் தண்ணியும் அடிச்சு அடிச்சுச் சாதா இரும்பு கெதியா உக்கிப்போகும்.

பழசைக் கழட்டுறதுக்கு முதல்நாள் பின்னேரமே நட்டுகளுக்கு டபிள்யூடி 40 அடிச்சு ஊற விடுங்கோ, விடிய வந்து கழட்டினா பாதிச் சண்டை குறையும். எஞ்சின் வடிவா ஆறி இருக்கோணும். வெல்டிங் தொடங்க முதல் பற்றறியின்ர நெகற்றிவ் வயரைக் கழட்டி வையுங்கோ, இல்லாட்டி எஞ்சின் கம்பியூட்டர் அடிச்சுப்போகலாம்.

இப்பதான் முக்கியமான இடம். ஜக் போட்டு செசியைத் தூக்கி ஸ்டாண்டில வைச்சா சில்லும் அக்சிலும் கீழ தொங்கும், அப்ப மேல பாத்தா நிறைய இடம் இருக்கிற மாதிரித் தெரியும். நான் அதை நம்பி அப்பிடியே அளந்து முழுசா வெல்டிங் அடிச்சிட்டன். அடுத்த கிழமை ஒட்டுசுட்டான் பக்கம் நெல்லு மூட்டை ஏத்திக்கொண்டு வரேக்க ஒரு கிடங்கில விழுந்ததுதான், பின்னுக்கு டமார் எண்டு சத்தம், இறங்கிக் குனிஞ்சு பாத்தா இடப்பக்கப் பைப் அக்சிலில அடிபட்டுச் சப்பளிஞ்சு, ஹேங்கர் கம்பி வெல்டிங்கோட பிய்ஞ்சு தொங்கிக்கொண்டு நிண்டுது. புதுப் பைப், மனசு சரியா நொந்துபோச்சு.

அதால ஸ்டாண்டை அக்சிலுக்குக் கீழ வையுங்கோ, அல்லது சேர்விஸ் குழியில நிப்பாட்டுங்கோ, ஜீப் தன்ர பாரத்தில நிக்கோணும். அக்சிலுக்கும், அது மேல எழும்பேக்க வந்து இடிக்கிற பம்ப் ஸ்டொப் ரப்பருக்கும் இடைவெளி எவ்வளவு எண்டு அளவுங்கோ. அது 3 இஞ்சி எண்டா பைப்புக்கும் அக்சிலுக்கும் குறைஞ்சது 4 இஞ்சி வேணும், ஏனெண்டா அந்த ரப்பரும் கொஞ்சம் நசியும். பெற்றோல் டாங்கி, பிரேக் லைன், வயர் எல்லாத்துக்கும் 2 இஞ்சி தள்ளி விடுங்கோ, கிட்ட போகத்தான் வேணுமெண்டா நடுவில தகடு ஒண்டு மறைச்சு அடியுங்கோ.

எல்லாத்தையும் முதல்ல பொட்டு பொட்டா வெல்டிங் வைச்சுப் பிடிச்சு, பின்னுக்கு நாலு பேரை ஏத்தி குதிக்க விட்டுப் பாருங்கோ. முட்டாட்டித்தான் முழு வெல்டிங். ஹேங்கர் கட்டாயம் ரப்பரிலதான் தொங்கோணும், பைப் சூடேறேக்க நீளும், 300 பாகை ஏறினா ஒரு மீற்றருக்கு 3 இல இருந்து 5 மில்லிமீற்றர் வரைக்கும் வரும், இறுக்கிக் கட்டினா எங்கயாவது வெடிக்கும். குழாயின்ர வாய் பம்பருக்கு வெளியால நீட்டி நிக்கோணும், உள்ளுக்க நிண்டா புகை பின் கதவு இடுக்கால வந்துடும், கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை, தெரியவே தெரியாது.

பற்றறியைத் திருப்பிப் பூட்டி ஸ்டார்ட் பண்ணி, தடிச்ச ஈரச் சாக்கால ரெண்டு வாயையும் ஒருக்கா அமத்திப் பாருங்கோ, எங்கயாவது சீ எண்டு சத்தம் கேட்டா அந்த மூட்டு ஒழுகுது. ஒரு 200 கிலோமீற்றர் ஓடினாப் பிறகு கிளாம்ப் எல்லாம் திரும்ப இறுக்குங்கோ, சூட்டில கட்டாயம் இளகும்.

மற்றது, இப்ப ரெண்டு பக்கமும் சூட்டுக் குழாய் இருக்கு. அறுவடை நேரம் வயலுக்க இறக்கி வைக்கோலுக்கு மேலயோ காய்ஞ்ச புல்லுக்கு மேலயோ நிப்பாட்டாதேங்கோ, வெறும் மண் இருக்கிற இடமாப் பாத்து விடுங்கோ.