கடனட்டைக் கடனைக் கட்டி முடிக்க: கொழும்புக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகளுக்கு

முதலில் கடனட்டைக்கு வங்கி மாதம் மாதம் அனுப்புகிற ஸ்டேட்மன்டை எடுத்து முன்னால் வையுங்கள். போனில் வந்திருந்தால் பக்கத்துக் கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னத் திரையில் தள்ளித் தள்ளிப் பார்த்தால் முக்கியமான வரிகள் கண்ணில் படாமல் போய்விடும்.

தலவாக்கலைப் பக்கம் உயர்தர வகுப்புக்குக் கணக்கீடு படிப்பிக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் கொழும்பிலிருந்து தீபாவளிக்கு வரும்போது இந்த ஸ்டேட்மன்டோடு வீட்டுக்கு வருவார்கள். "டீச்சர், மாசா மாசம் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன், குறையவே மாட்டேங்குதே" என்பார்கள். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே கட்டுகிறார்கள். ஆனால் கட்டுவது அந்தத் தாளில் 'குறைந்தபட்சக் கட்டணம்' என்று போட்டிருக்கிற தொகையை மட்டும்.

அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 இலட்சம் ரூபாய் நிலுவை, வருட வட்டி 28 வீதம், குறைந்தபட்சக் கட்டணம் நிலுவையில் 5 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாத வட்டி மட்டும் ஏறக்குறைய 4,670 ரூபாய். நீங்கள் கட்டுகிற பத்தாயிரம் சொச்சத்தில் கிட்டத்தட்ட பாதி வட்டிக்கே போகிறது. அடுத்த மாதம் நிலுவை கொஞ்சம் குறையும், அதோடு குறைந்தபட்சக் கட்டணமும் குறையும். நீங்களும் குறைத்தே கட்டுவீர்கள். இப்படியே போனால் ஐந்து வருடம் கழித்தும் 36 ஆயிரத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். அதே கடனுக்கு, ஸ்டேட்மன்ட் என்ன தொகை கேட்டாலும் சரி, மாதம் பத்தாயிரம் என்று பிடித்த பிடியாகக் கட்டினால் 28 மாதத்தில் முடிந்துவிடும். பதினைந்தாயிரம் என்றால் 17 மாதம். இந்தக் கணக்கு முழுவதும் புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேய்க்காமல் இருந்தால்தான்.

அதனால் அட்டையை இன்றைக்கே பர்ஸிலிருந்து எடுத்துவிடுங்கள். டாக்சி, சாப்பாடு ஆப்களில் சேமித்து வைத்த அட்டை இலக்கத்தையும் அழியுங்கள். பழைய நிலுவை இருக்கும்போது வட்டியில்லாக் காலம் பொதுவாகக் கிடைக்காது. புதிதாக வாங்குகிற சாமானுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்மில் அட்டையைப் போட்டுக் காசு எடுப்பது இன்னும் மோசம். அதற்குக் கட்டணம் தனி, வட்டியும் அந்த நிமிடத்திலிருந்தே.

மாதத் தொகையைச் சம்பளம் விழுந்த அன்றே கட்டுங்கள். கடைசித் திகதி வரைக்கும் வைத்திருந்தால் அந்தக் காசு கையில் நிற்காது. தாமதக் கட்டணம், கேட்காமலே ஏறிய காப்புறுதிக் கட்டணம் என்று ஏதாவது வரி இருந்தால் வங்கிக்குப் பேசி நீக்கச் சொல்லுங்கள். வருடக் கட்டணத்தைக்கூடக் கேட்டால் சில வேளை விட்டுக்கொடுப்பார்கள்.

இனி வட்டியைக் குறைக்கிற வழி. 2022இல் கடனட்டை வட்டி 36 வீதம் வரைக்கும் போனது. 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி அதற்கு 28 வீதம் என்றும், நகை அடகுக்கு 18 வீதம் என்றும் உச்சவரம்பு வைத்தது. இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிற வித்தியாசத்தைக் கவனியுங்கள். வளையல் ஒரு சோடி பெட்டியில் சும்மா கிடந்தால், அதை வங்கியில் அடகு வைத்துக் கடனட்டையை அடைப்பது கணக்குப்படி சரிதான். ஆனால் அடகுக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான் தவணை. அதற்குள் மீட்க முடிகிற அளவுக்கு மட்டும் வையுங்கள். தாலிக்கொடியில் கை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு இடர் கடன் என்று அவசரத் தேவைக்குக் குறைந்த வட்டியில் ஒரு கடன் இருக்கிறது, வட்டி 4.2 வீதம். இதை விட்டுவிட்டுக் கடனட்டை வட்டியில் உழலுகிற ஆசிரியர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. பிணையாளர் தேடுகிற அலைச்சல் இருக்கும்தான். அலையலாம், தப்பில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வழி சீட்டு. வேலை செய்கிற இடத்தில் பத்துப் பேர் சேர்ந்து மாதம் இருபதாயிரம் போட்டால், ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு 2 இலட்சம். தெரிந்தவர்கள் வட்டியில்லாமல் பிடிக்கிற சீட்டாக இருந்தால், நிலைமையைச் சொல்லி முதல் இரண்டு மூன்று தவணைக்குள் கேட்டு எடுங்கள். எடுத்த காசை அன்றைக்கே வங்கியில் கட்டிவிடுங்கள். கடனட்டைக் கடன் போய், மிச்ச மாதங்களுக்குச் சீட்டுக் காசு மட்டும்தான் இருக்கும். பிடிக்கிறவர் நம்பிக்கையானவராக இருக்க வேண்டும். நீங்களும் சீட்டுக் காசை ஒரு மாதம்கூடப் பிந்திக் கட்டக் கூடாது.

வங்கியிடமே நிலுவையைத் தவணைக் கடனாக மாற்றித் தரச் சொல்லலாம், அல்லது வேறு வங்கியின் அட்டைக்குக் குறைந்த வட்டியில் மாற்றலாம். "வட்டி இல்லை" என்று சொன்னாலும் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் என்ன நடக்கும், இடையில் மொத்தமாகக் கட்டினால் தண்டம் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இரண்டு அட்டை இருந்து வட்டி ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சின்ன நிலுவையை முதலில் முடியுங்கள். ஒன்று முடிந்ததும் அதற்குக் கட்டின காசையும் சேர்த்து மற்றதில் போடுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இந்தக் கடனை அடைக்க அம்மாவைக் குழுக் கடன் எடுக்கச் சொல்லாதீர்கள், பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கிற கடன் அது. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, வாராவாரம் தவணை வசூலிக்க வருகிறவர் முன்னால் அம்மாதான் உட்கார வேண்டும். நாள் வட்டிக்காரரிடமும் போகாதீர்கள்.

கட்ட முடியாத நிலை வந்தால், தவணை தவறுவதற்கு முன்னமே வங்கிக்குப் போய் எழுத்தில் மறுசீரமைப்பு, அதாவது கட்ட முடிகிற மாதிரித் தவணையை மாற்றித் தரக் கேளுங்கள். தவறிய தவணைகள் கிரிப் என்கிற கடன் தகவல் பணியகத்தில் பதிவாகும்; நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டு வாங்கலாம். வசூலுக்குப் பேசுகிறவர் மிரட்டினால் அவருடைய பெயர், நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் குறித்து வைத்து வங்கிக்கு முறைப்பாடு எழுதுங்கள். பதில் சரியில்லை என்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு எடுங்கள்.

நிலுவை பூச்சியம் ஆன மாதத்தோடு விட்டுவிடாதீர்கள். ஸ்டேட்மன்ட் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடையில் ஓடிய வட்டி அடுத்த மாதம் சின்னத் தொகையாக வரும். நூறு இருநூறுதானே என்று விட்டால் அதற்கும் தாமதக் கட்டணம் ஏறும். அதையும் கட்டி, அட்டை வேண்டாம் என்றால் மூடச் சொல்லி எழுதிக் கொடுத்து, கணக்கு மூடப்பட்டதற்கான கடிதத்தை வாங்கிப் பைலில் போடுங்கள். அப்புறம் ஓரிரு மாதம் கழித்துக் கிரிப் அறிக்கையை எடுத்து, அதிலும் மூடியதாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.