மலைப்பாதைக் கல்பாலத்துக்குச் சுண்ணாம்புக் கலவையில் சந்து பூசும் முறை

சேர்வராயன் மலையின் பாறை சார்னோகைட் என்னும் கடினமான கருங்கல். அதில் கட்டிய பழைய பாலங்களிலும் மதகுகளிலும் முதலில் கெடுவது கல் அல்ல, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சந்தில் நிரப்பிய சுண்ணாம்புதான். அதைச் சிமெண்டால் அடைப்பது பெரிய கேடு. உள்ளே இறங்கிய மழைநீர் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். பழைய கலவை உள்ளுக்குள்ளேயே கரையும். சில வருடங்களில் சிமெண்ட் பட்டையாகக் கழன்று விழும்.

தோட்டத்துப் பாலமென்றால் நீங்களே தொடங்கலாம். நெடுஞ்சாலைத் துறைக்கு உரியது என்றால் அவர்கள் அனுமதி கட்டாயம் வேண்டும். வளைவுக் கல் இறங்கியிருந்தாலோ விரிசல் பாதை வரை ஏறியிருந்தாலோ பூச்சால் தீராது, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை வேலைக்கு ஏற்ற காலம். மழையில் பூசிய பச்சைக் கலவை கரைந்து ஓடிவிடும்.

முதலில் சந்தில் முளைத்திருக்கும் அரசமர, ஆலமரக் கன்றுகள். அவற்றைப் பிடுங்கவே கூடாது, வேரோடு கல்லும் வந்துவிடும். அடியோடு அறுத்து, அறுத்த முகத்தில் உடனே வேர்க்கொல்லி மருந்தைத் தூரிகையால் தடவுங்கள். ஒரு துளிகூட ஓடையில் சொட்டக் கூடாது. வேர் காய்ந்தபின் அந்தச் சந்தைத் திறக்கலாம்.

சந்தை மெல்லிய உளியால் கையாலேயே சுரண்டுங்கள். ஆழம் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு, குறைந்தது 25 மி.மீ. மெஷின் வைத்தால் கல்லின் ஓரம் சிதையும். வளைவின் அடிப்பக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு மீட்டருக்கு மேல் திறக்க வேண்டாம். அதைப் பூசி, இறுகியபின் அடுத்த மீட்டர். பக்கச்சுவரின் வடிகால் துளைகளைக் கம்பி விட்டுக் குத்தித் திறந்துவிடுங்கள். அவற்றைப் பூசி மூடிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

கலவை கன அளவில்: நீற்றிய சுண்ணாம்பு 1, சலித்த செங்கல் பொடி 1, கழுவிய மணல் 2. குறைவாக வெந்த செங்கலின் பொடிதான் நல்லது. ஈர மலையில் வெறும் சுண்ணாம்பு இறுகாது, செங்கல் பொடிதான் அதை இறுக வைக்கிறது. சுண்ணாம்பைத் தண்ணீரில் ஒரு மாதமாவது ஊற வையுங்கள். நீறாத கட்டி உள்ளே போனால் பின்னால் வெடித்துக் கலவையைத் தள்ளும். சேலத்து வெள்ளைக்கல்லைச் சுட்ட தூள் பார்க்கச் சுண்ணாம்பு போலவே வெள்ளையாக இருக்கும். அது சுண்ணாம்பு அல்ல, மக்னீசியா (மக்னீசியம் ஆக்சைடு). இதில் கலக்கவே கூடாது, தாமதமாக நீறி உப்பும். கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீர் சேர்ப்பவர்கள் அளவாகச் சேர்க்க வேண்டும். வெல்லம் கூடினால் இறுகத் தாமதமாகும்.

சந்தை நனைத்து, தண்ணீர் தேங்காத ஈரத்தில், கலவையை அடுக்கடுக்காக அழுத்தித் திணியுங்கள். கல் முகத்துக்குச் சற்று உள்ளே நிறுத்துங்கள். ஈரச் சாக்கு போர்த்தி, இரண்டு வாரம் காயாமல் பாருங்கள். வேகமாகக் காய்ந்தால் மாவாக உதிரும்.

கைப்பிடிச் சுவரில் ஆண்டு பொறித்த கல் இருந்தால் வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். கம்பி பிரஷ், ஆசிட், பெயிண்ட் மூன்றும் எழுத்தைக் கெடுக்கும். பாலத்தின் வயதைச் சொல்ல மிஞ்சியிருக்கும் ஒரே சான்று பல இடங்களில் அந்தக் கல்தான். ஆகவே தொடங்குவதற்கு முன்பே அதைப் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.