வெளிநாட்டுப் பயணக் காப்பீடு: மலையிறங்கும் முன் நாம் செய்யும் தவறுகள்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர் இப்போது பலர். பெட்டியில் தேயிலைத் தூளும் யூகலிப்டஸ் தைலமும் எடை பார்த்து அடுக்குகிறோம். காப்பீட்டுக்கு மட்டும் கிளம்புவதற்கு முந்தைய நாள் ஐந்து நிமிடம் ஒதுக்குகிறோம். "நன்றாகத்தானே இருக்கிறோம், எதற்கு வீண் செலவு?" என்று கேட்பவர்களும் உண்டு. முதல் தவறு இந்தக் கேள்விதான். நோய் வருமா என்பது யாருக்கும் தெரியாது. வந்தால் அந்தச் செலவை நம் வீடு தாங்குமா என்று மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஊரில் உடம்பு முடியாவிட்டால் கோயம்புத்தூருக்கு இறக்குகிறோம், நகையை வைத்தாவது கட்டிவிடுகிறோம். அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவு யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. இதை இலவசம் என்று புரிந்துகொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிகிச்சை முதலில் கிடைக்கும். பில் பிறகு வீடு தேடி வரும். இதய அறுவை சிகிச்சை என்றால் அது 1,00,000 டாலரைத் தாண்டுவது அரிதில்லை. பச்சைத்தேயிலை போட்டு அடைக்கக்கூடிய கடனா அது? இங்கே வைத்திருக்கும் குடும்ப மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றை என் அம்மா விஷயத்திலேயே பார்த்தேன். தம்பி வீட்டுக்கு அவர் கிளம்பியபோது படிவத்தை ஏஜென்ட் நிரப்பினார். 'ஏற்கெனவே உள்ள நோய்கள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. அம்மா பல வருடங்களாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஏஜென்டைக் கேட்டதற்கு, "எழுதினால் பிரீமியம் கூடும், யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். பார்ப்பார்கள். அங்கே மருத்துவமனையில் முதலில் கேட்பதே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதுதான். அம்மா மறைக்காமல் சொல்லிவிடுவார், அது அப்படியே பதிவாகும். பணம் கேட்டு விண்ணப்பிக்கும்போது காப்பீட்டு நிறுவனம் அந்தப் பதிவையும் நம் படிவத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும். பொய் சொன்ன படிவத்துக்குக் கட்டிய பிரீமியம் முழுக்க வீண். படிவத்தை மாற்றி எழுத வைத்தேன், கூடுதலாகத்தான் கட்டினோம்.

உண்மையைச் சொன்னால் எல்லாம் கிடைத்துவிடும் என்றும் நினைக்கக்கூடாது. பழைய நோயால் உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டும், அதுவும் ஒரு வரம்பு வரை தருகிற பாலிசிகளே அதிகம். அட்டையில் பெரிய தொகை போட்டுவிட்டு, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒவ்வொரு நோய்க்கும் தனி உச்சவரம்பை உள்ளே வைத்திருப்பதும் உண்டு. முதல் 100 டாலரோ அதற்கு மேலோ நாமே கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். வயதானவர்களுக்கு வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் இந்த மூன்றையும் படியுங்கள்.

ஐரோப்பா போகிறவர்கள் விசாவுக்காக மட்டும் வாங்குகிறார்கள். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அது விண்ணப்பம் ஏற்கப்படுவதற்கான அளவு. பெரிய சிகிச்சைக்குப் போதும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து நம் மலையில் குடியேறிய குடும்பங்கள் அங்குள்ள சொந்தங்களைப் பார்க்கப் போகின்றன. பக்கத்து வீட்டுக்குப் போவதுபோல் காப்பீடு இல்லாமலே கிளம்பிவிடுகிறார்கள். நான்கு நாள் போய்வரும் இளைஞர் வேண்டாம் என்றால் நான் வற்புறுத்தமாட்டேன். 70 வயதுப் பாட்டியை அப்படி அனுப்பாதீர்கள். சிகிச்சைச் செலவு மட்டுமில்லை, இறந்தால் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவையும் பெரும்பாலான பாலிசிகள் ஏற்கின்றன. சொந்த ஹட்டியில் (படுகர் ஊரில்), சொந்த மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும் என்று நினைக்கிற நமக்கு இது சிறிய விஷயமில்லை.

பெட்டி தொலைவதற்காகக் கூடுதல் பிரீமியம் கட்டத் தேவையில்லை என்பது என் கருத்து. 1999 மான்ட்ரியல் ஒப்பந்தப்படி விமான நிறுவனமே ஒரு வரம்பு வரை பொறுப்பு. விமான நிலையத்தைவிட்டு வெளியே வருவதற்கு முன் கவுண்டரில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்துவிடுங்கள்.

மலையில் இருக்கும் நமக்கென்றே ஒரு தவறு உண்டு. 2009 நவம்பர் 10 அன்று நம் மலையிலுள்ள கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும், மண் சரிந்து சாலைகள் அடைபட்டதையும் யாரும் மறக்கவில்லை. மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் மரம் விழுந்து விமானத்தைத் தவறவிட்டால் காப்பீடு பணம் தரும் என்று நம்புகிறோம். முந்தைய விமானம் தாமதமாகி அடுத்த விமானம் தவறினால்தான் பெரும்பாலான பாலிசிகள் தரும். விமான நிலையத்துக்கு வரும் வழியில் நடப்பது அதில் சேராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பயணம் என்றால் முந்தைய இரவே கோயம்புத்தூரில் தங்கிவிடுங்கள்.

இளைஞர்கள் தாய்லாந்தில் பைக் வாடகைக்கு எடுக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப் பழகிய கை என்ற தைரியம். அந்த நாடு ஏற்கும் இருசக்கர ஓட்டுநர் உரிமம் இல்லாமலோ, குடித்துவிட்டோ ஓட்டி விழுந்தால் பாலிசி கைகொடுக்காது. சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இங்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, பாலிசியை வாங்கி மெயிலில் பூட்டி வைப்பது. மருத்துவமனையில் சேருமுன் அல்லது சேர்ந்த உடனே காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முழுத் தொகையையும் நாமே கட்டிவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டிய நிலை வரும். பாலிசி எண், உதவி எண், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அம்மாவின் கைப்பையில் வைத்தேன். அதையே படம் எடுத்துத் தம்பிக்கும் அனுப்பினேன்.