வீட்டு சர்வருக்குக் காவல் வைக்கும்போது செய்யும் தவறுகள்

வீட்டில் சர்வர் நடத்துபவர்கள் பெரும்பாலும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியிலோ பழைய மடிக்கணினியிலோ எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறார்கள். படங்களுக்கு இம்மிச், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், விளம்பரத் தடுப்புக்குப் பை-ஹோல். இவற்றைக் கண்காணிக்க அப்டைம் குமா. அதுவும் அதே பெட்டியில். பெட்டி அணைந்தால் எச்சரிக்க வேண்டியதும் சேர்ந்து அணைந்துவிடும். டெலிகிராமில் செய்தி வராததைப் பார்த்து எல்லாம் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வோம்.

கண்காணிப்பை வேறொரு கருவிக்கு மாற்றினாலும் பிரச்சினை பாதிதான் தீரும். இணைய இணைப்பே போய்விட்டால் எச்சரிக்கை வீட்டை விட்டு எப்படி வெளியேறும்? எனவே திசையைத் திருப்புங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வீட்டு சர்வர் வெளியிலுள்ள ஒரு சேவைக்குத் தகவல் அனுப்பட்டும். அது நின்றுபோனால் அந்தச் சேவை உங்களுக்குச் சொல்லட்டும். ஹெல்த்செக்ஸ் இதற்காகவே உருவானது. இரவில் ஓடும் காப்பு நகல் வேலையையும் அதில் சேருங்கள். சத்தமில்லாமல் நின்றுபோவதில் அதற்கு இணை கிடையாது.

கணினி இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங்குக்குப் பதில் வந்தால் கணினி இயங்குகிறது, அவ்வளவுதான். தரவுத்தளம் விழுந்த பிறகும் உள்நுழைவுப் பக்கம் 200, அதாவது 'எல்லாம் சரி', என்று பதில் தரக்கூடும். பக்கத்தில் குறிப்பிட்ட சொல் இருக்கிறதா என்று பார்க்கும் வசதி குமாவிலேயே உண்டு. பலர் அதைத் தொடுவதில்லை.

பை-ஹோல் தனி வகை. தளங்களின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வேலையைச் செய்வதும் அதுதான். அது விழுந்தால் பெயர்களைத் தேட வழியில்லாமல் மற்ற சேவைகளும் சிவப்பாகத் தெரியும். ஆகவே ஒன்றிரண்டையாவது ஐபி முகவரியைக் கொண்டு சோதியுங்கள். மாற்று டிஎன்எஸ்ஸாக கூகுளின் 8.8.8.8 கொடுப்பது தீர்வல்ல: பை-ஹோல் நலமாக இருக்கும்போதும் சில கருவிகள் அந்த வழியே போகும், விளம்பரங்களும் திரும்பிவிடும். இரண்டாவது பை-ஹோல்தான் சரியான வழி.

சேவைகளைக் கன்டெய்னர் என்ற தனித்தனி அடைப்புகளில் ஓட்டும் டாக்கர், அவற்றின் பதிவுகளுக்கு (லாக்) இயல்பாக எந்த வரம்பும் வைப்பதில்லை. அவை வட்டை நிரப்பிவிடும். அமைப்பில் அளவு வரம்பு கொடுத்தாலும் புதிதாக உருவாக்கும் கன்டெய்னர்களுக்கே அது பொருந்தும். பழையவற்றை அழித்து மறுபடி உருவாக்க வேண்டும்.

தளத்தின் https இணைப்புக்கு லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழின் ஆயுள் சில மாதங்களுக்கு மேல் போகாது. காலாவதி நெருங்கும்போது அவர்கள் அனுப்பிவந்த மின்னஞ்சல் 2025 ஜூனில் நின்றுவிட்டது. அந்தத் தேதியையும் இனி உங்கள் குமாதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.