அபுனைவு (கதையல்லாத எழுத்து) எழுதப் பழக எந்தப் புத்தகத்தை எப்போது எடுப்பது?

எழுத்தைப் பற்றிய புத்தகங்களைப் படிக்கப் படிக்க, நாமே எழுதிக்கொண்டிருப்பது போல ஒரு நிறைவு வந்துவிடும். கையில் ஒரு பக்கம்கூடச் சேர்ந்திருக்காது. அதனால் முதலில் ஒரு கட்டுரையைச் சுமாராகவாவது எழுதி முடித்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அது எங்கே இடறுகிறது என்று பார்த்து அந்த இடத்துக்கு உதவும் புத்தகத்தை மட்டும் எடுங்கள். ஐந்தாறு புத்தகங்களை ஒன்றாக வாங்கி அடுக்குவதில் பயனில்லை.

வாக்கியம்தான் தொல்லை என்றால் வில்லியம் ஜின்ஸரின் 'ஆன் ரைட்டிங் வெல்'. 1976இல் முதலில் வந்தது, இன்றும் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்றே சொல்வேன். யேல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியபோது, மாணவர் கட்டுரைகளில் வேலை செய்யாத சொற்களை அவர் அடிக்க மாட்டார், சுற்றி அடைப்புக்குறி மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். இதை உங்கள் கட்டுரையில் செய்து பாருங்கள். "தூக்கம் என்பது மனிதனுக்கு மிகவும் முக்கியமான ஒரு விஷயமாக இருக்கிறது என்று சொல்லலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள், வைத்துக்கொள்வோம். 'என்பது', 'மிகவும்', 'ஒரு விஷயமாக இருக்கிறது', 'என்று சொல்லலாம்' எல்லாம் அடைப்புக்குள் போய்விடும். மிச்சம், "தூக்கம் மனிதனுக்கு முக்கியம்." அப்போதுதான் இதில் புதிதாக எதுவுமே சொல்லவில்லை என்பது கண்ணில் படும், யாருக்கு, எந்த வகையில், எவ்வளவு தூக்கம் என்று தேடிப் போய் எழுத வேண்டியிருக்கும். சொற்கூட்டம் பெரும்பாலும் செய்தி இல்லாததை மறைக்கத்தான் வருகிறது. ஜின்ஸர் தன் கையெழுத்துப்படியின் இரண்டு பக்கங்களையே திருத்தங்களோடு அந்தப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறார். அந்தப் பக்கங்களில் அவர் எதை வெட்டினார், எதை விட்டுவைத்தார் என்று நிதானமாகப் பாருங்கள். பயணம், அறிவியல், விளையாட்டு என்று துறைவாரியாக வரும் பின்பகுதியில் உங்களுக்குத் தேவையானதை மட்டும் படித்தால் போதும்.

வாக்கியம் நன்றாக இருந்தும் கட்டுரை நிற்கவில்லையா? ஜான் மெக்ஃபீயின் 'டிராஃப்ட் நம்பர் ஃபோர்' (2017). நியூயார்க்கர் இதழில் நெடுங்காலம் எழுதியவர். குறிப்புகளைத் தலைப்புவாரியாகப் பிரித்து, தலைப்புகளைச் சிறு அட்டைகளில் எழுதி, பலகையில் பரப்பி மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துத்தான் வரிசையை முடிவு செய்வார். காலவரிசையில் சொல்வதா, பொருள்வாரியாகச் சொல்வதா என்ற இழுபறியை அவர் விளக்கும் பக்கங்கள் அருமை, ஆனால் தன் கட்டுரைகளின் அமைப்பைக் காட்ட அவர் தரும் வரைபடங்களை அப்படியே பின்பற்றப் பார்க்காதீர்கள். அவை அந்தந்தக் கட்டுரையின் தகவல்களிலிருந்து பிறந்தவை. எழுதவே ஓடவில்லை என்பவர்களுக்கும் அதில் ஒரு வழி இருக்கிறது: "அன்புள்ள அம்மா" என்று கடிதம் தொடங்கி, எழுத வரவில்லை என்று புலம்பி, எழுத நினைத்த பொருளைப் பற்றி (அவர் எடுத்துக்காட்டில் அது ஒரு கரடி) அம்மாவிடம் சொல்லிக்கொண்டே போவது. பிறகு விளிப்பையும் புலம்பலையும் வெட்டிவிட்டால் கரடி மட்டும் மிஞ்சும்.

தன் வாழ்க்கையை எழுதுபவர்கள் விவியன் கார்னிக்கின் 'தி சிச்சுவேஷன் அண்ட் தி ஸ்டோரி' (2001) படிக்க வேண்டும். நடந்தது வேறு, அதிலிருந்து சொல்ல வந்தது வேறு என்று அவர் பிரிக்கிறார். சின்னப் புத்தகம்தான், ஆனால் மெதுவாகத்தான் உள்ளே போகும்.

ஆய்வு சார்ந்து எழுதுகிறீர்கள், தகவல் மலைபோல் இருக்கிறது, கேள்விதான் இல்லை என்றால் பூத், கொலம், வில்லியம்ஸ் மூவரும் எழுதிய 'தி கிராஃப்ட் ஆஃப் ரிசர்ச்'. நான் இதை ஆராய்கிறேன், ஏனென்றால் இன்னது தெரிய வேண்டும், அது தெரிந்தால் வாசகருக்கு இன்னது புரியும் என்ற மூன்று படிகளை நிரப்பச் சொல்கிறது. மூன்றாவது படி நிரம்பவில்லை என்றால் இன்னும் எழுதத் தொடங்க வேண்டாம்.

இவையெல்லாம் ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வாக்கிய ஓசை பற்றிச் சொல்வது தமிழுக்கு அப்படியே பொருந்தாது, நம் வினைச்சொல் கடைசியில் வந்து உட்கார்கிறது. அதனால் பக்கத்திலேயே நல்ல தமிழ் அபுனைவு ஒன்று இருக்கட்டும். நான் சொல்வது உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறான 'என் சரித்திரம்'. தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை முதன்முதலில் பார்க்கும் பகுதியை எடுத்து, எந்த வாக்கியத்தில் செய்தி வருகிறது, எதில் காட்சி வருகிறது, எங்கே தன் மனநிலையைச் சொல்கிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே படியுங்கள். இந்த ஒரு வேலை ஒரு முழுக் கையேட்டுக்குச் சமம்.

சொல் சரியாக விழவில்லை என்று தோன்றும்போது மெக்ஃபீ அந்தச் சொல்லைக் கட்டம் கட்டிவிட்டு அகராதியைத் திறப்பார். நமக்கு 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' இருக்கிறது, பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியங்களும் தருவதால் ஒரு சொல் எந்தச் சொல்லோடு பழகும் என்பது தெரிந்துவிடும். ஒற்று, சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா, நிறுத்தற்குறி போன்ற சந்தேகங்களுக்கு 'தமிழ் நடைக் கையேடு'. அதை முதல் வரைவின்போது திறக்காதீர்கள், வேகம் போய்விடும். வரிசையும் வாக்கியமும் முடிவான பிறகு, கடைசித் திருத்தத்துக்கு உட்காரும்போது எடுத்தால் சரி.