மால்கம் யங் பாணியில் முதல் ரிஃப்

ஏ, டி, ஜி ஆகிய மூன்று கார்டுகளைப் பிடிக்கத் தெரிந்தால் போதும், இன்றே கிட்டாரில் ஒரு ராக் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துணுக்கு) வாசித்துவிடலாம். மால்கம் யங்கின் வாசிப்பைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு அந்தத் தைரியம் வந்தது. 1973இல் தம்பி ஆங்கஸுடன் சேர்ந்து சிட்னியில் ஏசி/டிசி ராக் குழுவைத் தொடங்கியவர் அவர். 2017இல், 64 வயதில் காலமானார். மேடையில் ஓடியாடி சோலோ வாசித்தது தம்பி. அண்ணன் பின்னால் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் நின்று ரிதம் வாசித்தார். பாட்டை நிமிர்த்திப் பிடித்தது அந்த ரிதம்தான்.

முதலில் சத்தத்தைச் சரிசெய்வோம். எலக்ட்ரிக் கிட்டார் என்றால் பிரிட்ஜ் (கிட்டாரின் உடலில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் கட்டை) பக்கப் பிக்கப்பை, அதாவது ஸ்ட்ரிங்கின் அதிர்வை வாங்கும் காந்தப் பகுதியை, தேர்ந்தெடுங்கள். மால்கம் தன் கிரெட்ஷ் கிட்டாரில் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றியே போட்டுவிட்டார். ஆம்ப்ளிஃபையரில் சத்தத்தைக் கரகரப்பாக்கும் கெயின் குமிழைப் பாதி அளவுக்கும் கீழே இறக்குங்கள். கார்டில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் தனியாகக் கேட்க வேண்டும். அக்கூஸ்டிக் இருந்தாலும் தாராளமாக வாசிக்கலாம்.

அடுத்து தாளம். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, காலைத் தட்டிக்கொண்டே இதை வாயால் சொல்லுங்கள்:

த – க – தி – மி – த – க – ஜு – ணு

த, தி, த, ஜு நான்கும் கால் தரையில் படும்போது வரவேண்டும். பழகியதும் கிட்டாரை எடுத்து, எல்லாவற்றையும் கீழ்நோக்கியே அடியுங்கள்:

ஏ – × – × – டி – × – டி – ஏ – ×

× என்றால் நிறுத்தம். இரண்டு டி-யும் கால் மேலே இருக்கும்போது விழுகின்றன. முதல் நாள் அங்கேதான் தடுமாறும். முதல் ஏ-க்குப் பிறகு இரண்டு எண்ணிக்கை காலியாக இருக்கிறதே, விரலை டி-க்கு மாற்ற அந்த நேரம் போதும்.

இனி முக்கியமான இடம். ரிஃபைப் பழகிய புதிதில் எங்கள் வீட்டு வளவில் உட்கார்ந்து வாசித்தேன். உள்ளே இருந்து அப்பத்தா, "எல்லாம் ஒண்ணாக் கொழகொழன்னு கேக்குதே அப்பு" என்றார்கள். உண்மைதான். நான் விரலை மட்டும் தூக்கிக்கொண்டிருந்தேன். ஏ கார்டில் ஐந்தாவது ஸ்ட்ரிங்கை நாம் அழுத்துவதே இல்லை. இடது கையை எடுத்தாலும் அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டேதான் இருக்கும். அதை அடக்க, வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜுக்குச் சற்று முன்னால் ஸ்ட்ரிங்குகள்மேல் வையுங்கள். அதே நொடியில் இடது விரல்களை அழுத்தம் தளர்த்தி, எல்லா ஸ்ட்ரிங்கையும் தொட்டபடி படுக்கவிடுங்கள். இரண்டு கையும் சேர்ந்தால்தான் சத்தம் கத்தரித்த மாதிரி நிற்கும். ரிஃபை விட்டுவிட்டு, ஏ அடி, நிறுத்து, ஏ அடி, நிறுத்து என்று இதை மட்டும் பத்து நிமிடம் செய்யுங்கள். வீணைக்குப் பேர்போன காரைக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு மீட்டின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. கிட்டாரில் மீட்டு பாதி, நிறுத்தம் பாதி.

நம் ஊர் வீடுகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, உயர்ந்த கூரை, வழவழப்பான சுவர் எல்லாம் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். நீங்கள் சரியாக நிறுத்தினாலும் எதிரொலி அந்த இடைவெளியை நிரப்பிவிடும். துணிமணி, மெத்தை இருக்கும் சின்ன அறைக்குப் போய்விடுங்கள். நான் ஜமக்காளத்தை விரித்து அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறேன்.

அப்புறம் வேகம். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு சொல் வீதம் தொடங்குங்கள். நிறுத்தங்கள் சுத்தமாக விழுந்தால் மட்டும் ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். 100க்கு வந்ததும், இரண்டாவது சுற்றில் ஜு வருமிடத்தில் ஏ-க்குப் பதில் ஜி அடித்துப் பாருங்கள். ணு-வில் நிறுத்திவிட்டு, மறுபடி ஏ.