கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பும் முன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள்

சென்னையில் வெள்ளைக்காரர் காலத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் என் தாத்தா, பாட்டி, அப்பா மூவரும் ஒரே கல்லறையில் இருக்கிறார்கள். இந்த முறை 12 நாள் விடுப்பில் போனேன். அதில் 6 நாள் அந்தத் தோட்டத்து அலுவலகத்தின் பெஞ்சிலேயே போய்விட்டது. உங்களுக்கும் அப்படியொரு இடத்தில் குடும்பக் கல்லறை இருந்தால், டிக்கெட் போடும் முன்பே சில காகிதங்களைத் தேடத் தொடங்குங்கள்.

சும்மா பார்த்துவிட்டு வரப் போகிறவர்களுக்கு இவ்வளவு சிரமம் இல்லை. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நுழைய அடையாள அட்டை வேண்டும், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 1680இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்தைச் சுற்றிப் பதித்திருக்கும் கல்லறைக் கற்களுக்கு அடியில் யாரும் இல்லை. பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, இப்போது சட்டக் கல்லூரிக் கட்டடம் இருக்கும் பக்கம் இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளை மறைவாக வைத்துக்கொண்டு சண்டை போட்டதால், பின்னால் அவற்றை இடித்துவிட்டுக் கற்களை மட்டும் கோட்டைக்குள் கொண்டுவந்தார்கள். பழவேற்காட்டுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். அங்குள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். காலையிலோ மாலையிலோ போனால் வெயில் சாய்வாக விழும், தேய்ந்த எழுத்தும் தெரியும். உச்சி வெயிலில் ஒன்றும் படிக்க முடியாது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றக்கூட இல்லை. "வந்துட்டியா தம்பி, இதுல ஒரு கையெழுத்து போடு" என்று அத்தை ஒரு முத்திரைத்தாளை நீட்டினார். அப்பாவின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவர், வயது 81. தான் போன பிறகு அதே கல்லறையைத் திறந்து தன்னையும் அங்கேயே வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பழைய தோட்டங்களில் புதுக் குழிக்கு இடம் கிடைப்பது கஷ்டம், அதனால் குடும்பக் கல்லறையைத் திறந்து அடக்கம் செய்வது வழக்கம்தான். அதற்கு அப்பாவின் வாரிசுகள் எல்லோரும் சம்மதக் கடிதம் தர வேண்டும் என்று அலுவலகம் சொல்லியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. நான்கு வருஷம் கழித்து வருகிறேன், சாப்பிட்டாயா என்று கேட்கும் முன் கையெழுத்தா? பேசாமல் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் அடக்கப் பதிவேட்டைப் புரட்டி எடுத்தார்கள். அப்பாவின் பெயர் ஒற்றை இனிஷியலோடு இருந்தது. என் பாஸ்போர்ட்டில் அந்தப் பெயர் என் குடும்பப் பெயராக இருக்கிறது; குடியுரிமை வாங்கியபோது படிவம் கேட்டது, எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்தவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இவர்தான் உங்க அப்பான்னு இதுல எங்க சார் இருக்கு?" என்றார். உண்மைதான், என் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயருக்கென்று ஒரு வரியே கிடையாது. பிறப்புச் சான்றிதழைக் காட்டினேன். அந்தக் காலத்தில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிந்த சான்றிதழ் அது. அப்பாவின் பெயர் இருந்தது, என் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொண்டுபோனால், கூடவே பழைய ஆவணம் ஒன்று வேண்டும் என்றார்கள். அடுத்த நாள் பதிவேடு வைத்திருப்பவர் வரவில்லை. அதற்கடுத்த நாள் நகலில் முத்திரை தெளிவாக இல்லை. நான்காவது நாள் குரலை உயர்த்திவிட்டேன். அது மட்டும் வேண்டாம், அன்றைக்கு அதற்கு மேல் ஒரு வேலையும் நடக்காது.

அன்று இரவு அத்தை கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தார். பழைய புடவைத் துண்டில் சுற்றி என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், அதாவது பள்ளி இறுதிச் சான்றிதழ், இருந்தது. என் பெயரும் அப்பாவின் பெயரும் ஒரே பக்கத்தில். அதன் கீழே ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுக் கட்டு, கல்லறைப் பராமரிப்புக்கு வருஷா வருஷம் கட்டிய பணம். அப்பா இறந்த வருஷத்திலிருந்து ஒன்றுகூட விடுபடவில்லை. அந்தப் பணத்தை யார் கட்டுகிறார்கள் என்று நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. அடக்கத்தன்றே நான் வரவில்லை, விடுப்பு கிடைக்கவில்லை என்று சொன்னேன். கேட்டுப் பார்த்திருந்தால் கிடைத்திருக்கும்.

ஆகவே, பள்ளிச் சான்றிதழோ மாற்றுச் சான்றிதழோ, உங்கள் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து வரும் ஒரு காகிதம் கட்டாயம் வேண்டும். அடக்கம் நடந்த தேதியும் பதிவேட்டு எண்ணும் ஊரில் யாரிடமாவது இருக்கும், போனிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உடன்பிறந்தவர்கள் வேறு நாடுகளில் இருந்தால், அவர்கள் கடிதத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். என் அக்காவுக்கு இதை நான் சொல்லியிருக்கவில்லை.

கல்லறைக்கே போக முடிந்தது கடைசி நாள் மாலை, கேட் சாத்த 40 நிமிஷம் இருக்கும்போது. தோட்டத்தின் முன்வரிசைகளில் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அவர்களின் கைக்குழந்தைகளும். நம் ஆட்கள் மதிலோரம். பளிங்கை வெளுக்க ஆசிட் வேண்டுமா என்று அங்கே கேட்பார்கள், விடாதீர்கள், கல்லை அரித்துவிடும். கம்பிப் பிரஷும் வேண்டாம். தாத்தாவின் கல்லில் ஈயம் வார்த்த எழுத்துகள் பாதி உதிர்ந்துவிட்டன. ஈயத்தைப் பிடித்திருந்த சின்னத் துளைகள் மட்டும் மிச்சம். அத்தை பாட்டில் தண்ணீரை ஊற்றி, முந்தானையால் துடைத்து, அந்தத் துளைகளை விரலால் தடவித் தடவித் தாத்தாவின் பெயரை எனக்குப் படித்துக் காட்டினார். பிறகு அப்பாவின் பெயருக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தை உள்ளங்கையால் அளந்து, "இவ்ளோ போதும் எனக்கு" என்றார்.

முத்திரைத்தாளை அங்கேயே கல்லின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அக்காவின் கடிதம் இன்னும் தூதரகத்தில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அத்தை போன் செய்து, வந்துவிட்டதா என்று கேட்கிறார்.